எட்டடி என்று நான் சொன்ன தண்ணீர்

புதிதாக லாஞ்சு வேலைக்குச் சேர்ந்திருக்கும் தம்பிகளுக்கு,

என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். ஆறாவதோடு நின்றவன் நான். நீளமாக எழுத வராது. இன்ஜினைப் பிரித்துக் கோர்க்கவும் ஜி.பி.எஸ். பார்க்கவும் உங்களுக்குச் சொல்லித்தர ஆள் இருக்கிறது. அதை விட்டுவிடுகிறேன். ஒரே ஒரு நாளைப் பற்றி எழுதுகிறேன். அன்றைக்கு என் வாய்ச்சொல்லை நம்பி இருபத்தேழு போட்டுகள் ஆற்றுக்குள் வரத் தயாராக நின்றன. நான் சொன்னது தப்பு.

நான் மீனவன் இல்லை. எங்கள் வீடு விவசாய வீடு. நிலம் பங்கு பிரிந்தபோது எனக்கு வந்த சில குழி நிலத்தில் ஒரு மாடு மேயலாம், அவ்வளவுதான். அதனால் நோணாங்குப்பத்தில் படகு தள்ளப் போனேன். பன்னிரண்டு வருடம் கோல் ஊன்றினேன். கோலைத் தண்ணீரில் போடுவது, தரையில் குத்துவது, உடம்பைச் சாய்த்துத் தள்ளுவது. காலையிலிருந்து சாயங்காலம் வரை அதுதான். பிறகு லாஞ்சு ஓட்டப் படித்து நம் அலுவலகத்துக்கு வந்தேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால் அந்தக் கோல் பழக்கம்தான் என்னை மாட்டிவிட்டது.

சுனாமி வந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். முந்தின மழைக்காலத்தில் ஒரு புயல் கரையைத் தொடாமல் வடக்கே போனது. அப்படியும் எங்கள் போட்டுகள் உடைந்தன. கடலில் இல்லை. கட்டின இடத்தில். வெளியூர் போட்டுகளும் வந்து ஒதுங்கியதால் துறைக்குள் ஒன்றை ஒன்று ஒட்டிக் கட்டியிருந்தார்கள். காற்று அடித்தபோது ஒன்று இன்னொன்றை இடித்தே உடைத்தது. கயிறு அறுந்தவன் தப்பித்தான், கெட்டியாகக் கட்டினவன் போட்டு பிளந்தது.

அதனால் அடுத்த புயலுக்குப் பாதிப் போட்டுகளை ஆற்றுக்குள் கொண்டுபோய் நிறுத்த இடம் பார்க்க வேண்டும் என்று முடிவானது. ஆற்றில் எத்தனையோ கிளை, எத்தனையோ வளைவு. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்தால் மழை வந்துவிடும். செயற்கைக்கோள் படம் வாங்கினார்கள். அதைப் பார்த்துச் சொல்ல ஒரு மேடம் வந்தார்கள். ஒப்பந்த வேலை. இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். உழவர்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வருவார்கள். அவர்கள் படத்தைப் பார்த்து இடம் சொல்ல வேண்டும். நான் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

போட்டுக்காரர்களுக்கு இது பெரிய வேடிக்கை. மேலேர்ந்து எடுத்த போட்டோவில் என் பொண்டாட்டி குழம்புக்கு உப்பு போட்டாளா தெரியுமா என்று ஒருவர் கேட்டார். மேடம் சிரித்துக்கொண்டே, உப்பு தெரியாது, அடுப்பு எரிஞ்சா புகை தெரியும் என்றார்கள். அதிலிருந்து அவர்களிடம் வாய் கொடுப்பதை எல்லோரும் குறைத்துக்கொண்டார்கள்.

முதல் மாசமே ஒரு கூத்து நடந்தது. படத்தில் ஆற்றுக்கு மேற்கே கறுப்பாக ஒரு பெரிய மடு தெரிந்தது. ஆற்றிலிருந்து வாய்க்கால் வழியாகப் போய்ச் சேரலாம் போல இருந்தது. மேடமும் நானும் வெயிலில் அரைநாள் தேடினோம். அங்கே மல்லாட்டைக் கொல்லைதான், வேர்க்கடலை வயல்தான் இருந்தது. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மா, கொல்லையில போட்டு வுடப் போறீங்களா, மல்லாட்டை புடுங்கினப்புறம் வாங்க என்றது. திரும்பி வந்து வேறு தேதியில் எடுத்த படத்தைப் பார்த்தோம். மடு இல்லை. நாங்கள் பார்த்தது மேகத்தின் நிழல். இனிமேல் ஒரே படத்தை நம்பக் கூடாதுண்ணா என்றார்கள் மேடம். நான் தலையாட்டினேன். ஆறு மாசத்தில் இரண்டு பேரும் அதை மறந்தோம்.

எப்படி மறந்தோம் என்றால், மழை முடிந்த கையோடு எடுத்த படம் ஒன்று கண்ணாடி மாதிரி தெளிவாக வந்தது. ஒரு மேகம் இல்லை. அதைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் ஒட்டினோம். மற்றவை பீரோவுக்குள் போயின. சுவரில் இருப்பதைத்தான் கண் பார்க்கும்.

அந்தப் படத்தில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால் ஆறு வளையும் இடத்தில் தண்ணீர் மை மாதிரி கறுத்திருந்தது. பொதுவாக ஆழமான தண்ணீர் கறுப்பாகவும் ஆழமில்லாத இடம் வெளுப்பாகவும் தெரியும். தோப்பு காற்றை மறைக்கும். இடமும் அகலம். மேடம் அதை வட்டமிட்டுக் கொடுத்து அளந்துவிட்டு வரச் சொன்னார்கள்.

ஃபைபர் படகில் தனியாகப் போனேன். அடிக்கணக்கு குறித்த மூங்கில் கோல் ஒன்று. முப்பது இடத்தில் போட்டேன். எட்டடி, எட்டே காலடி, ஏழே முக்கால். எங்கே போட்டாலும் அதுதான். ஒரு டிராலருக்கு ஐந்தடி தண்ணீர் போதும். எனக்கு ஒரே சந்தோஷம்.

மேடம் ஒரு கேள்விதான் கேட்டார்கள். அடியில மண்ணா, சேறாண்ணா?

கோல் நுனி கெட்டியாக முட்டியது ஞாபகம் இருந்தது. மண்ணுதான் மேடம் என்றேன். கோலை ஒவ்வொரு முறை தூக்கும்போதும் பாதி உயரத்துக்குக் கறுப்புச் சேறு ஒட்டியிருந்ததும், அதைக் கையால் வழித்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போனதும் ஞாபகத்தில் இல்லை. பன்னிரண்டு வருடம் தினமும் வழித்த சேறு. அது எனக்குக் கண்ணில் படாது.

இடம் முடிவானது. ஊர்ப் பஞ்சாயத்தில் வைத்துப் பேசினோம். போட்டுக்காரர்களுக்கு முன்னால் நின்று பேசுகிறவர் தேசப்பன். அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்தவர். அந்தக் குரல் மகனுக்கும் வந்திருந்தது. சொந்தமாக இரண்டு போட்டு. அதில் ஒன்று முந்தின புயலில் போய், கடன் வாங்கிப் புதிதாகக் கட்டியது. அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டார்.

"கலியபெருமாளு, ஏர் ஓட்டின வூட்டுக்காரன் நீ. எட்டடின்னு படம் சொல்லுதா, நீ சொல்றியா?"

"நான் சொல்றேன்."

"அப்ப சரி."

அவ்வளவுதான் பேச்சு. இருபத்தேழு போட்டு ஆற்றுக்குள் வரும் என்று அன்றைக்கே பெயர் எழுதிக்கொண்டார்கள்.

அடுத்த மழைக்காலத்தில் புயல் வந்தது. துறைமுகத்தில் கூண்டு ஏற்றினார்கள். முதலில் சின்ன எண். மறுநாள் காலை ஏழாம் எண். இந்த முறை ஒதுங்கிப் போகாது, நேராக வருகிறது என்று ரேடியோ சொன்னது. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு ஏத்தம் தொடங்கும், அதாவது கடல் தண்ணீர் ஆற்றுக்குள் ஏறும். அந்த நேரத்தில் போட்டுகள் கிளம்ப வேண்டும் என்று திட்டம். நான் முன்னால் போய், வழி தெரிய சிவப்புத் துணி கட்டிய கழிகளை நட வேண்டும்.

பத்து மணிக்கு வளைவுக்குப் போனேன். வத்தம் முடிகிற நேரம். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. தூறல். காற்று அப்போதைக்குச் சாதாரணமாகத்தான் இருந்தது.

வளைவின் நடுவில் ஒரு பெண்.

கையால் எறா, அதாவது இறால், தடவுகிற பெண்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பனையோலைப் பரிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்து மட்டும் தெரியத் தண்ணீரில் நகர்ந்து போவார்கள். இவள் பெயர் பூங்காவனம். நாற்பது வயசு இருக்கும். எனக்கு முகம் பழக்கம். நான் எட்டடி என்று எழுதின தண்ணீரில், தோளுக்கு மேல் தெரிய உட்கார்ந்திருந்தாள்.

கரை ஓரமாக இருந்தால் பரவாயில்லை. நட்டநடுவில். என் மனசு அப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. ஏதோ கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன்.

"ஏம்மா, புயல் வருது, இங்க என்ன பண்ற?"

பரியை வாயிலிருந்து எடுத்தாள். "புயலுக்கு முன்னாடிதாண்ணே எறா கெடைக்கும். நீ என்னா, கொடி ஏத்த வந்தியா?"

"நீ இருக்கற எடம் எட்டடி ஆழம்மா."

அவள் குனிந்து தன்னையே பார்த்துக்கொண்டாள். "அப்ப நான் பனைமர உசரம்தான்."

கோலைப் போட்டேன். எட்டடி காட்டியது. அவளிடம் காட்டினேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"நீ குத்துற குத்துக்கு அது பாதாளத்துக்கே போவும். இது தரை இல்லண்ணே, கூழு. படுத்தாப்புல நவுந்தா தாங்கும். காலை நட்டா தொடைக்கு மேல வாங்கிடும். சும்மா வுடு கோல. கைய எடு."

கையை எடுத்து, இரண்டு விரலில் மட்டும் பிடித்து மெதுவாக இறக்கினேன். கோல் இரண்டரை அடியில் நின்றது. எதிலும் முட்டவில்லை. பஞ்சு மூட்டையில் வைத்த மாதிரி சும்மா நின்றது. பிறகு கொஞ்சம் அழுத்தினேன். எட்டடி வரை வழுக்கிக்கொண்டு போனது.

ஏத்தம் ஏறினாலும் நான்கடிதான் தண்ணீர். மீதி எல்லாம் இலையும் தழையும் அழுகின கறுப்புச் சேறு. அந்தக் கறுப்பைத்தான் படம் காட்டியது. அதை நாங்கள் ஆழம் என்று படித்தோம். என் கோலும் ஆழம் என்றது. படத்தின் தப்பும் என் தப்பும் ஒரே பதிலைச் சொன்னதால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

முதல் போட்டு நுழைந்து சேற்றில் உட்கார்ந்தால் பின்னால் வருவது நிற்க முடியாது. குறுகின ஆறு. ஒன்றன்பின் ஒன்றாக இருபத்தேழும் அடைத்துக்கொள்ளும். ராத்திரிக்குள் மேலேயிருந்து மழைத் தண்ணீர் வரும். குறுக்கே கிடக்கிற போட்டைப் புரட்டிவிடும். போட்டிலேயே தங்குகிற ஆட்களும் இருந்தார்கள்.

மணி பத்தே கால். கிளம்ப இன்னும் ஒன்றே முக்கால் மணி நேரம்.

தம்பிகளே, அப்போது எனக்கு வந்த முதல் யோசனையை எழுதிவிடுகிறேன். கழியை நடாமல் திரும்பிப் போய், மேலே மரம் விழுந்து வழி அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. போட்டுகள் தப்பிக்கும், என் பெயரும் தப்பிக்கும். ஆனால் அத்தனை போட்டும் பழையபடி துறைக்குள்ளேயே அடைந்து கிடக்கும். முந்தின வருடம் நடந்தது திரும்ப நடக்கும். அதைவிட இந்தப் புயல் பெரியது.

மேடத்துக்குப் போன் போட்டேன். தப்பா அளந்துட்டேன் மேடம் என்றேன். எப்படி என்று சொன்னேன். அவர்கள் திட்டவில்லை. இப்ப எத்தனை அடி என்றார்கள். ரெண்டரை என்றேன்.

"அந்த அம்மா இன்னும் அங்க இருக்காங்களா?"

"இருக்கு."

"அவங்க ஆளுங்க எறா தடவப் போகாத எடம் எதுன்னு கேளுங்கண்ணா. கால் எட்டாம போகாத எடம்."

எனக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்காது. எனக்கு ஆழம் தெரிந்தவன் என்றால் கோல் வைத்திருக்கிறவன். தினமும் அந்தத் தண்ணீரில் உடம்பை வைக்கிறவளைப் பற்றி நான் நினைத்ததே இல்லை.

பூங்காவனம் யோசிக்கவே இல்லை. சூளைக் கரை என்றாள். இன்னும் அரை மைல் மேலே, பழைய செங்கல் சூளை ஓரம். சூளைக்கு மண் வெட்டி வெட்டி அந்தக் கரை பள்ளமாகி, ஒரு வெள்ளத்தில் ஆறு உடைத்துக்கொண்டு அந்தப் பள்ளத்துக்குள் வந்துவிட்டதாம். அவள் வீட்டுக்காரர் மூழ்கிப் பார்த்தும் தரை தட்டவில்லையாம். எங்க ஆளுங்க அந்தப் பக்கமே போவ மாட்டாங்க என்றாள்.

அதை மேடத்திடம் சொன்னேன். சூளைக் கரையா, அது மணல்திட்டாச்சே என்றார்கள். சுவரில் இருந்த படத்தில் அந்த இடம் வெளேர் என்று இருக்கும். முதல் நாளே நாங்கள் அதைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டோம். பிறகு பீரோ திறக்கும் சத்தம் போனில் கேட்டது. காகிதம் புரட்டும் சத்தம். நான் படகில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நிமிஷம் எனக்கு நீளமாக இருந்தது.

"அண்ணா, சித்திரையில எடுத்த படத்துல அந்த எடம் கறுப்பா இருக்கு. மணல்திட்டா இருந்தா கோடையிலதான நல்லா வெளுப்பாத் தெரியணும்? இது மழைக்கு மட்டும் வெளுக்குது. கரையில இருக்கற சூளை மண்ணு கரைஞ்சி வர்ற கலங்கல். தவறிப்போய் மணல்னு நெனச்சிட்டோம்."

"அப்ப வளைவு?"

"அது எல்லாப் படத்துலயும் ஒரே கறுப்பு. அதையும் நான் பாத்திருக்கணும்." படங்களை மடக்கி வைக்கும் சத்தம் கேட்டது. "போய் அளந்துட்டு வாங்கண்ணா. இந்தத் தடவ எப்படி அளப்பீங்க?"

நல்ல கேள்வி. காற்று லேசாக ஏறியிருந்தது. என் கை பழையபடி குத்தத்தான் செய்யும். அவசரத்தில் கையை நம்ப முடியாது. படகில் என் சோற்றுத் தூக்கு இருந்தது. அதன் மூடியைக் கழற்றி, கோல் நுனியில் தட்டையாக வைத்து, கொடித் துணியைக் கிழித்துக் கட்டினேன். மூடி சேற்றில் இறங்காது. மேலேயே தங்கும். முதலில் வளைவிலேயே போட்டுப் பார்த்தேன். எவ்வளவு குத்தியும் மூன்றடியைத் தாண்டவில்லை. சரி, இது பொய் சொல்லாது என்று எடுத்துக்கொண்டேன்.

பூங்காவனத்தையும் படகில் ஏறச் சொன்னேன். பரியில் எறா குதிக்கக் குதிக்க ஏறி உட்கார்ந்தாள். வழி அவள் சொன்னாள். வளைவுக்குள் போகாமல் எதிர்க்கரையை ஒட்டி ஆழமான நீரோட்டம் ஒன்று இருந்தது. அதில் ஐந்தரை, ஆறு. ஓர் இடத்தில் மட்டும் ஐந்தடிக்கு ஒரு விரல்கடை கூடுதல். அது வத்தத்துக் கணக்கு. ஏத்தத்தில் இன்னும் ஒன்றரை அடி ஏறும்.

சூளைக் கரையில் பத்தடி. பக்கத்தில் ஒன்பதரை. இன்னோர் இடத்தில் பதினொன்று. மூடி கட்டிய கோலும் அதைத்தான் சொன்னது, மூடியைக் கழற்றிவிட்டுப் போட்டாலும் அதைத்தான் சொன்னது. அடியில் களிமண். நங்கூரம் பிடிக்கும். கரை இரண்டு ஆள் உயரம், மேலே புளியமரங்கள். காற்று மேலோடு போய்விடும்.

ஆனால் இடம் சிறியது. கரையில் ஏறி நடந்து நடந்து எண்ணினேன். பதினெட்டுப் போட்டு நிற்கும். நெருக்கினால் இருபது. நெருக்கக் கூடாது. நெருக்கினதால்தான் போன வருடம் உடைந்தது.

பூங்காவனத்தை அங்கேயே கரையில் இறக்கிவிட்டேன். வீட்டுக்கு நடந்து போய்விடுகிறேன் என்றாள். நான் துறைக்குத் திரும்பும்போது மணி பதினொன்றே முக்கால். போட்டுகள் வரிசை கட்டி நின்றன. இன்ஜின் சத்தம். மேடம் மழைக்கோட்டில் படிக்கட்டில் நின்றார்கள். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள்.

"அண்ணா, நான் பேசிடறேன். படத்தைத் தப்பாப் பாத்துட்டோம், எடம் மாத்தறோம்னு சொல்லிடறேன். உங்க பேரு வேணாம்."

நல்ல மனசில்தான் சொன்னார்கள். ஒப்பந்த வேலைக்காரர். அவர்களுக்கும் அதில் ஆபத்து இருந்தது. நான் வேண்டாம் என்றேன். படம் தப்பு என்று சொன்னால் புது இடத்தை யார் நம்புவார்கள். அதற்கும் இன்னொரு படம்தானே சாட்சி. என் கை தப்பு என்று சொன்னால் படம் பிழைக்கும். படம் பிழைத்தால் போட்டு பிழைக்கும். இதை அப்போது இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. வேணாம் மேடம், நான் அளந்ததுதான் தப்பு என்றேன்.

தேசப்பன் தன் புதுப் போட்டின் முன்பக்கத்தில் நின்றார். சுற்றிலும் இருபது முப்பது பேர். நான் கீழே நின்று சொன்னேன். வளைவில் தண்ணீர் இல்லை. சேற்றையும் சேர்த்து அளந்துவிட்டேன். மேலே சூளைக் கரையில் இடம் இருக்கிறது. பத்தடி. பதினெட்டுப் போட்டுதான் கொள்ளும். ஒன்பது போட்டு இங்கேயே நிற்க வேண்டும். பதினெட்டு போய்விட்டால் இங்கேயும் நெருக்கம் இருக்காது.

பின்னாலிருந்து ஒருவர், மாடு மேய்க்கறவன் பேச்சக் கேட்டா இப்படித்தான் என்றார். தேசப்பன் அவரைத் திரும்பிப் பார்த்தார். அவர் அடங்கினார்.

"சூளைக் கரைய யாரு அளந்தது?"

"நான்தான்."

"அதே கையா?"

"அதே கைதான். கோல் வேற."

மூடி கட்டிய கோலைத் தூக்கிக் காட்டினேன். எப்படி என்று இரண்டு வரியில் சொன்னேன். எறா தடவுகிற பெண் சொன்ன இடம் என்றும் சொன்னேன். மேடம் சித்திரைப் படத்தை மழையில் நனையாமல் பாலிதீன் பையில் போட்டு வைத்திருந்தார்கள். அதைக் காட்டினார்கள். அன்றைக்குத்தான் தேசப்பன் முதல்முதலாக ஒரு படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். படத்தில் அவருக்கு என்ன தெரிந்ததோ தெரியாது.

"தப்புன்னு எப்பத் தெரிஞ்சிது?"

"பத்து மணிக்கு."

"பத்து மணிக்குத் தெரிஞ்சி பன்னண்டு மணிக்குள்ள வந்து சொல்ற." படத்தைத் திருப்பிக் கொடுத்தார். "ஏறு. என் போட்டுல முன்னாடி நில்லு. தட்டிச்சின்னா மொதல்ல நீதான் எறங்கித் தள்ளணும்."

யார் போவது, யார் நிற்பது என்று அவரே பெயர் சொன்னார். தன்னுடைய இன்னொரு போட்டைத் துறையிலேயே நிறுத்தினார். அதைப் பார்த்த பிறகு மற்றவர்கள் வாதாடவில்லை.

நான் முனையில் நின்று கோல் போட்டுக்கொண்டே போனேன். ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொன்னேன். ஏழு. ஏழே கால். ஆறரை. பின்னால் பதினேழு போட்டும் ஒரே கோட்டில் வந்தன. அந்த ஒரு இடத்தில் ஆறடிக்கு மேல் இருக்க வேண்டியது. ஐந்தே கால்தான் காட்டியது. ஏத்தம் இன்னும் முழுசாக ஏறவில்லை. நிறுத்தலாமா என்று தேசப்பன் முகத்தைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் போலாம் என்றேன். அடியில் ஒரு உரசல் கேட்டது. செருப்பைத் தரையில் தேய்த்த மாதிரி. அவ்வளவுதான். போட்டு நழுவிப் போய்விட்டது. என் முதுகு முழுக்க வேர்த்திருந்தது. மழையில் யாருக்கும் தெரியவில்லை.

மூன்று மணிக்குள் பதினெட்டும் சூளைக் கரையில் நின்றன. முன்னால் நங்கூரம், பின்னால் மரத்துக்குக் கயிறு. தண்ணீர் ஏறினால் போட்டும் ஏற வேண்டும் என்று கயிற்றில் தாராளமாக மிச்சம் விட்டார்கள். அதெல்லாம் அவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

புயல் அன்று இரவு கடந்தது. அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நான் சூளைக் கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். எதுவும் செய்ய முடியாது. செய்ய வேண்டியதை எல்லாம் மூன்று மணிக்கு முன்பே செய்தாகிவிட்டது.

விடிந்தபோது காற்று நின்றிருந்தது. கரைக்கு இறங்கினேன். இரண்டு புளியமரம் சாய்ந்து கிடந்தன. ஒரு போட்டின் கேபின் கூரை போயிருந்தது. இன்னொன்றின் பக்கப்பலகை தேய்ந்திருந்தது. பதினெட்டும் மிதந்தன. இரண்டு தடவை எண்ணினேன். துறையிலிருந்து மேடம் போன் செய்தார்கள். அங்கே நின்ற ஒன்பதும் மற்ற போட்டுகளும் பத்திரம். ஒரே ஒரு பழைய போட்டில் தண்ணீர் ஏறியிருக்கிறது, இறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்கள். பிறகு உடனே, அளவெல்லாம் இன்னிக்கே எழுதிக் குடுத்துடுங்கண்ணா என்றார்கள்.

அன்றைக்கே எழுதினேன். பழைய பக்கத்தில் எட்டடி என்று இருந்ததை அடித்து, இரண்டரை, சேறு, அளந்தவன் தப்பு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் பக்கம் இன்னும் அலுவலகத்தில் இருக்கும். கேட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீரை அளக்கப் போனாலும் அங்கே எறா தடவுகிறவர்கள், நண்டு பிடிக்கிறவர்கள் யார் என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் கோலை எடுத்தேன். இரண்டு தேதிப் படம் இல்லாமல் மேடம் ஒரு வட்டமும் போட்டதில்லை. உங்களுக்கு இன்றைக்கு ஆழம் காட்டுகிற மிஷின் இருக்கிறது. அதுவும் கூழைத் தரை என்று காட்டும், தரையைக் கூழ் என்று காட்டும். இரண்டு சாட்சி ஒரே பதிலைச் சொன்னால் சந்தோஷப்படுவதற்கு முன்னால் இன்னொரு ஆளைக் கேளுங்கள். தப்புச் செய்தால் நேரம் இருக்கும்போதே சொல்லுங்கள். எனக்கு அன்றைக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அது அதிர்ஷ்டம். எப்போதும் இருக்காது.

அன்று காலை இன்னொன்று நடந்தது. அதோடு முடிக்கிறேன்.

தேசப்பன் போட்டில் ஆட்கள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் ஸ்டவ்வில் டீ போட்டுக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார். நன்றியும் சொல்லவில்லை, குறையும் சொல்லவில்லை. மழைத் தண்ணீர் சிவப்பாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த வேகத்தில் நேற்றைக்கு இருந்த வழி இன்றைக்கு இருக்காது. மண் இடம் மாறியிருக்கும்.

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கேட்டார்.

"வெளிய போவ எப்ப தண்ணி தோது?"

"ரெண்டு மணிக்கு மேல."

"வழி?"

"திரும்ப அளக்கணும்."

"அப்ப ரெண்டு மணிக்கு. முன்னாடி நீ போ, நாங்க வர்றோம்."

இரண்டு மணிக்கு ஃபைபர் படகில் முன்னால் போனேன். ஒரு கையில் இன்ஜின், ஒரு கையில் கோல். தண்ணீரிலிருந்து கண்ணை எடுக்க முடியாது. அதனால் திரும்பிப் பார்க்கவில்லை. பின்னால் ஒவ்வொன்றாக இன்ஜின் கிளம்பும் சத்தத்தை வைத்து எண்ணினேன். பதினேழு வரை உடனே வந்துவிட்டது. கடைசி ஒன்று இருமிக்கொண்டே இருந்தது. வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தேன். பிறகு அதுவும் பிடித்துக்கொண்டது.